யாக்கோபு கேட்கும் கணக்கு

கிறிஸ்தவ வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில், முடிவுக்குச் சற்று முன்பாக, 5 அதிகாரங்களில் 108 வசனங்களோடு முடிந்துவிடும் ஒரு கடிதம் இருக்கிறது. யாக்கோபு நிருபம் என்று பெயர். இயேசுவின் சகோதரர் என்று அழைக்கப்பட்டவரும் எருசலேம் சபையின் தலைவராக இருந்தவருமான யாக்கோபு எழுதியது என்பது சபை மரபு. ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. யார் எழுதியிருந்தாலும் சரி, எழுதியவரின் பார்வை போகும் இடங்கள்தான் வியப்பைத் தருகின்றன. கடவுளின் இயல்பைப் பற்றியோ மறுமையைப் பற்றியோ அவர் நீளமாகப் பேசுவதில்லை. சபை கூடும் இடத்துக்குப் பொன்மோதிரம் அணிந்த பணக்காரர் ஒருவரும் கந்தல் உடுத்திய ஏழை ஒருவரும் வந்தால் யாரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று பார்க்கிறார். வயலை அறுத்துக் கொடுத்தவர்களுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலியைப் பார்க்கிறார். கடவுளை வாழ்த்தும் நாக்கு அடுத்த கணமே மனிதனைச் சபிக்கிறதா, ஆம் என்று சொன்னால் அது ஆமாகவே நிற்கிறதா என்று பார்க்கிறார். எனக்கு விசுவாசம் உண்டு என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் அவர் கேட்கும் சான்று இருக்கை, கூலி, சொல் என்ற அளவிலேயே இருக்கிறது.

விசுவாசம் உண்மையானதா என்று அறிய மனிதர்கள் வழக்கமாக மனத்துக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஜெபிக்கும்போது கண் கலங்கியதா, பாடும்போது உள்ளம் உருகியதா, சந்தேகமே எழாத அளவுக்கு நம்பிக்கை உறுதியாக இருக்கிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்வார்கள். வேறு சிலர் பெரிய தியாகங்களை அளவுகோலாக வைப்பார்கள். சிங்கத்தின் முன் நின்ற இரத்தசாட்சிகளையும், எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன துறவிகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் பெரும்பாலோர் வாழ்வில் சிங்கம் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர் திங்கட்கிழமைக் கடைக்கு வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. சொந்த லாபமும் அடுத்தவர் உரிமையும் மோதிக்கொள்ளும் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில்தான் விசுவாசத்தின் மெய் தெரியும் என்பது யாக்கோபின் கட்சி. கிறிஸ்தவ வரலாற்றைப் பார்க்கும்போது அவர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். அந்தச் சமயத்தின் பெருமைகள் பலவும் அங்கேதான் விளைந்தன. வெட்கப்பட வேண்டிய வீழ்ச்சிகளும் அங்கேதான் நடந்தன.

இது யாக்கோபு ஒருவருடைய தனிப்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அவருக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் விதிக்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியிருக்கிறான், ஆகவே பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று பையில் இரண்டு வகை எடைக்கற்கள் வைத்திருப்பதையும் அதே நூல் தடை செய்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் பேசிய ஆமோஸ் தீர்க்கதரிசி, ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து சிறிய மரக்காலால் எப்போது அளக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளைச் சாடினார். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை, முறையாகத்தான் ஆசரித்தார்கள். ஆமோஸின் கோபமே அதில்தான். இயேசு தம் மலைப்பிரசங்கத்தில் இதே வழியில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது, யாரோ ஒருவருக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்றார். வழிபாட்டை நடுவில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லும் இந்த அறிவுரை, கேட்டவர்களை நிச்சயம் திடுக்கிட வைத்திருக்கும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. அதைச் சந்திக்காமல் மேலே போவது நியாயமில்லை. மனிதன் தன் நற்செயல்களால் கடவுளின் தயவைச் சம்பாதிப்பதில்லை, விசுவாசத்தின் வழியாகவே அதைக் கொடையாகப் பெறுகிறான் என்று ரோமருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் பாவமன்னிப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டதை எதிர்த்துக் கிளம்பிய மார்ட்டின் லூத்தர், பவுலின் இந்தப் போதனையைத்தான் தன் ஆயுதமாக எடுத்தார். 1522ல் அவர் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டுத் தாழ்த்தினார்; நூல்களின் பட்டியலில் எண் கொடுக்காமல் வேறு மூன்று நூல்களோடு கடைசிக்குத் தள்ளினார். லூத்தரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. நற்செயலைக் கொடுத்து மோட்சத்தை வாங்கலாம் என்று ஆகிவிட்டால், வாசலில் நிற்கும் ஏழை ஒரு மனிதராக இல்லாமல் நம் புண்ணியக் கணக்குக்கு ஒரு வரவாக மாறிவிடுகிறார். அங்கே அன்பு செத்துப்போகிறது. யாக்கோபின் பக்கம் நிற்பவர்கள் இந்த எச்சரிக்கையை ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஆனால் யாக்கோபு தாக்கியது பவுலை இல்லை. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரிடம், குளிர்காய்ந்து பசியாறிப் போய் வாருங்கள் என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவரைத்தான் அவர் தாக்கினார். அப்படிப்பட்டவரைப் பவுலும் ஏற்கவில்லை. விசுவாசம் அன்பின் வழியாகச் செயல்படுவது என்று கலாத்தியருக்கு அவர் விளக்கினார். திருடிக்கொண்டிருந்தவன் இனித் திருடாமல் கைகளால் பாடுபடட்டும், இல்லாதவருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஏதாவது இருக்கும்படி உழைக்கட்டும் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. லூத்தரும் அதே 1522ல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவும் முடியாது என்ற பொருளில் எழுதினார். இந்தச் சண்டை ஐரோப்பாவை நூற்றாண்டுக் கணக்கில் பிளந்தது. கடைசியில் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் இலவசக் கொடை, நல்வாழ்வு அதிலிருந்து பிறக்கும் விளைவு என்பதே அதன் சாரம். 2006ல் உலக மெதடிஸ்ட் மன்றமும் 2017ல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதில் இணைந்துகொண்டன. ஆகவே விசுவாசமா செயலா என்று இன்றைக்கும் மேடை போட்டு வாதாடுகிறவர்கள், சபைகளே பெருமளவு தீர்த்துக்கொண்ட வழக்கை மறுபடி மறுபடி கிளறுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

போதனை இப்படி. நடைமுறையில் என்ன ஆயிற்று? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் திரண்ட, நண்பர்கள் சங்கம் என்ற பெயர்கொண்ட குவேக்கர்களைப் பார்க்கலாம். சத்தியம் செய்ய வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என மலைப்பிரசங்கத்தில் இயேசுவும், கடிதத்தில் யாக்கோபும் சொன்னதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரங்களில் பொய் பேசலாம் என்றுதானே ஆகும் என்பது அவர்கள் வாதம். அதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1696ல் ஆங்கிலப் பாராளுமன்றம் அவர்களுக்காக விலக்களித்து, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறினால் போதும் என்று சட்டம் செய்தது. இன்று இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவியேற்கும்போது, கடவுள் பெயரால் சத்தியம் செய்யவும் செய்யலாம், உளமார உறுதி கூறவும் செய்யலாம். அந்த இரண்டாவது வழி ஆங்கிலச் சட்ட மரபில் முதலில் திறந்தது குவேக்கர்களுக்காகத்தான்.

கடைத்தெருவிலும் அவர்கள் இதே கொள்கையைக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் பேரம் இல்லாமல் வியாபாரம் இல்லை. கடைக்காரர் கூட்டிச் சொல்வார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், நடுவில் எங்கோ விலை படியும். முதலில் சொன்ன விலைக்குக் கீழே விற்கத் தயாராக இருந்தால் முதலில் சொன்னது பொய்தானே என்று குவேக்கர்கள் கேட்டார்கள். பொருளுக்கு ஒரே விலையைச் சொல்லி அதிலேயே நின்றார்கள். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். பிறகு, இவர்கள் கடைக்குக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற பேச்சு பரவியதும் கூட்டம் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது என்று ஃபாக்ஸ் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பின்னாளில் பார்க்ளேஸ் வங்கியாக வளர்ந்த நிறுவனம், கேட்பரி மிட்டாய் நிறுவனம் ஆகியவை குவேக்கர் குடும்பங்களின் கையிலிருந்து வந்தவை.

இதைக் கேட்டவுடன் கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். நேர்மை லாபம் தந்தது என்றால் அது நல்ல வியாபாரத் தந்திரம், இதில் விசுவாசம் எங்கே வந்தது என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். நேர்மைக்கு லாபம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அதன் உண்மையை யாராலும் நிரூபிக்க முடியாது. லாபமும் நேர்மையும் பிரியும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குவேக்கர்களுக்கு அந்த இடம் அமெரிக்காவில் வந்தது. சத்தியம் செய்யாத, பேரம் பேசாத, போருக்குப் போகாத அந்த மனிதர்கள் அங்கே ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கினார்கள், விற்றார்கள், பிள்ளைகளுக்கு உயில் எழுதிவைத்தார்கள். 1688ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 4 பேர் கையெழுத்திட்டு, இது தவறு என்று ஒரு மனுவைச் சபைக்கு அனுப்பினார்கள். சிறிய கூட்டம் அதைப் பெரிய கூட்டத்துக்கும், பெரிய கூட்டம் அதைவிடப் பெரிய கூட்டத்துக்கும் தள்ளிவிட்டன. கடைசியில் மனு கிடப்பில் போடப்பட்டது. நியாயம் தெரியாததால் அது நின்றுபோகவில்லை. சொத்து போய்விடும் என்பதால் நின்றுபோனது.

அந்தக் கிடப்பை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் வூல்மன். 1720ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதும் இளைஞராக இருந்தபோது, அவருடைய முதலாளி தன் வீட்டில் இருந்த கறுப்பினப் பெண் ஒருவரை விற்றார். விற்பனைப் பத்திரத்தை எழுதும்படி வூல்மனிடம் சொன்னார். வாங்க வந்திருந்தவர் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு முதியவர். வூல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வேலைக்காரர் என்ற முறையில் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போதே இருவர் முன்னிலையிலும், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ சமயத்துக்குப் பொருந்தாது என்று நான் நம்புகிறேன் என்று சொன்னார். அந்தப் பத்திரம் அவரை விடவில்லை. அன்றே மறுத்திருக்க வேண்டும் என்ற உறுத்தல் தங்கியது. அடுத்தமுறை வேறொருவர் அப்படி ஒரு பத்திரம் கேட்டு வந்தபோது, நட்பாகப் பேசி மறுத்து அனுப்பினார்.

வூல்மன் நல்ல எழுத்துக்காரர் என்பதால் ஊரார் உயில் எழுத அவரிடம் வருவார்கள். அதற்குக் கூலியும் உண்டு. அண்டைவீட்டார் ஒருவர் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது உயில் எழுதித் தரச் சொன்னார். தன்னிடம் இருந்த ஓர் இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னார். வூல்மன் மற்ற எல்லாவற்றையும் எழுதினார், அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டார். படுக்கை அருகே போய் வாசித்துக் காட்டி, சக மனிதரை அடிமையாக்கும் எழுத்தை என்னால் எழுத முடியாது, இதுவரை எழுதியதற்குக் காசு வேண்டாம் என்றார். இருவரும் நீண்டநேரம் பேசினார்கள். அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் இசைந்தார். வூல்மன் உயிலை முடித்துக் கொடுத்தார். இந்தச் சம்பவத்தில் பிரசங்கம் இல்லை, வசை இல்லை. ஒரு எழுத்துக்காரர் தன் தொழிலில், தன் பேனா முனையில், எதைச் செய்ய மாட்டேன் என்று முடிவெடுத்தார். விசுவாசத்தின் மெய் எங்கே தெரியும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

அவருடைய சொந்தக் கடை நன்றாக ஓடத் தொடங்கியது. தேவைக்கு மேல் வளரும் வியாபாரம் மனத்தை விழுங்கிவிடும் என்று எண்ணி அதைக் கைவிட்டு, தையல் வேலையோடும் ஒரு பழத்தோட்டத்தோடும் நிறுத்திக்கொண்டார். நேர்மையை வியாபாரத் தந்திரம் என்று சொன்ன வாசகருக்கு இங்கே பதில் இருக்கிறது. தென்பகுதிகளுக்குப் பயணம் போய் அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் தங்கியபோது, அடிமைகளின் உழைப்பை இலவசமாக அனுபவிக்க மனமின்றி அவர்களுக்காகப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை விட்டார். சாயம் தோய்த்த துணியையும் விட்டார். 1754ல் அடிமைமுறைக்கு எதிராக ஒரு சிறுநூலும், 1762ல் அதன் இரண்டாம் பகுதியும் வெளியிட்டார். 1772ல் இங்கிலாந்து போனபோது, வண்டி ஓட்டும் சிறுவர்களும் குதிரைகளும் வதைபடுவதை அறிந்து கோச்சு வண்டியில் ஏறாமல் ஊர் ஊராக நடந்தார். அவ்வாண்டு அக்டோபரில் யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார்.

தனிமனிதர் ஒருவர் சர்க்கரையை விடுவதால் அடிமைமுறை ஒழிந்துவிடுமா என்ற ஐயம் இயல்பானது. ஒழியாதுதான். ஆனால் வூல்மனும் அவரைப் போன்றவர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசியதன் பலனாக, 1758ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய குவேக்கர் ஆண்டுப் பேரவை, அடிமைகளை வாங்கி விற்பவர்கள் சபை நிர்வாகத்தில் பங்கெடுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. அடிமை வைத்திருப்போரைச் சந்தித்துப் பேசும் பணியை ஏற்ற குழுவில் வூல்மனும் இருந்தார். 1776ல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவருக்குச் சபையிலேயே இடமில்லை என்று பேரவை முடிவு செய்தது. ஜெர்மன்டவுன் மனு எழுதப்பட்டு அப்போது 88 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1780ல் பென்சில்வேனியா மாநிலமே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்துக்கு முன்னால் சபை மாறியது, சபைக்கு முன்னால் சில மனிதர்களின் அன்றாட நடத்தை மாறியது. 88 ஆண்டுகள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அத்தனை காலமும் அடிமைகளாக வாழ்ந்து மடிந்தவர்களுக்கு இந்த வெற்றியில் எந்தப் பங்கும் கிடைக்கவில்லை.

ஒருமுறை வென்றுவிட்டால் அந்த நேர்மை குடும்பச் சொத்தாக அடுத்த தலைமுறைக்கு வந்துவிடுவதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்பரி நிறுவனம் கொக்கோ வாங்கிய இடங்களில் போர்த்துக்கலின் ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவும் ஒன்று. அங்கே அங்கோலாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் கொண்டுவரப்பட்டவர்கள் உண்மையில் அடிமைகள் என்ற செய்தி 1901லேயே நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. குடும்பத்தார் அலட்சியமாக இருந்துவிடவில்லை. விசாரித்தார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள், 1905ல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் பார்த்துவர அனுப்பினார்கள். ஆனால் கொக்கோ வாங்குவதை மட்டும் 1909வரை நிறுத்தவில்லை. ஒரு செய்தித்தாள் இதைச் சுட்டிக் கடுமையாக எழுதியதும் நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. ஜூரிகள் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நட்ட ஈடாக அவர்கள் விதித்த தொகை ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, ஆனால் உங்கள் கை சுத்தம் என்று சொல்ல மாட்டோம் என்பதுதான் அந்தக் கால் பென்னியின் பொருள். தொழிலாளர்களுக்கு நல்ல வீடுகள் கட்டிக்கொடுத்த, உண்மையிலேயே பக்தியுள்ள குடும்பம் அது. கொள்முதல் என்ற ஒரே இடத்தில் அவர்களுடைய விசுவாசம் எட்டு ஆண்டுகள் தயங்கி நின்றது.

யாக்கோபு முதலில் சுட்டிய இருக்கைக்கு வந்தால், அதன் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745ல் ஞானஸ்நானம் பெற்றவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை. தேவசகாயம் என்று பெயர் பெற்ற அவர், சாதி பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகினார். துன்புறுத்தப்பட்டு, 1752ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் 1872ல் கட்டப்பட்ட கோயிலில் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு என்று ஆயிற்று. ஒரு சாதியார் மற்றவரைப் பார்க்காமலேயே பூசை காண்பதற்காக நடுவில் சுவர் எழுந்தது. 1910ல் சுவர் இடிக்கப்பட்டபோது, பிரிந்திருக்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புராட்டஸ்டண்டுகள் பக்கமும் கதை வேறில்லை. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உருகிப் பாடியவர்கள் அவர்களில் இருந்தார்கள், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள். பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற இடத்தில் மட்டும் வேதம் அவர்களைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிக்கொரு பகுதி இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் வேறொரு வாசகர் கேட்கலாம்: கடவுள் நம்பிக்கையே இல்லாத எத்தனையோ பேர் கூலியை நேரத்துக்குக் கொடுக்கிறார்கள், சாதி பார்ப்பதில்லை, அப்படியானால் விசுவாசம் எதற்கு? நல்லொழுக்கம் தங்கள் ஏகபோகம் என்று கிறிஸ்தவம் உரிமை கொண்டாடியிருந்தால் இந்தக் கேள்வி அதை வீழ்த்திவிடும். ஆனால் அதன் மூலநூல்கள் அப்படிச் சொல்லவில்லை. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவன் ஆசாரியனும் இல்லை, லேவியனும் இல்லை, அவர்கள் இழிவாக நினைத்த சமாரியன் என்று இயேசு கதை சொன்னார். வேதச் சட்டம் கிடைக்காத மக்கள்கூட அது சொல்வதை இயல்பாகவே செய்கிறார்கள் என்று பவுல் எழுதினார். நன்மை எங்கும் முளைக்கும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் விசுவாசத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்கு முடியவில்லை, ஊர் வழக்கம் இது, எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கும் வாசல்களை அது விசுவாசிக்கு ஒவ்வொன்றாக அடைக்கிறது. வூல்மனின் முதலாளி சட்டத்தை மீறவில்லை, ஊர் வழக்கத்தையும் மீறவில்லை. வூல்மனை உறுத்தியது அவற்றுக்கு மேலான ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை அடுத்தவர்மீது வீசும் ஆயுதமாக்கிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. நடத்தைதான் சான்று என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு நீதிபதி ஆகிவிட மாட்டார்களா? வாரத்துக்கு இரண்டுமுறை நோன்பிருந்து, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து, பக்கத்தில் நின்ற வரி வசூலிப்பவனைவிடத் தான் மேல் என்று ஜெபித்த பரிசேயனின் கதையை இயேசு சொன்னது இதற்காகத்தான். யாக்கோபின் கேள்விகளை அவரவர் தமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வூல்மன் அப்படித்தான் செய்தார். தவறியவர்களின் விசுவாசம் பொய் என்று முத்திரை குத்தவும் இந்தப் போதனை இடம் தரவில்லை. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்தார், ஆனாலும் சபையின் தூணானார். தவறிய பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. எரிகோவின் வரித்தலைவன் சகேயு இதற்குப் பதில் காட்டினான். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான் என்று எழுதியிருக்கிறார். தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றுதான் பழைய சட்டம் சொன்னது. சகேயு அதைத் தாண்டிப் போனான். மன்னிப்புக் கேட்பது எளிது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கை நடுங்கும். கடவுளிடம் மன்னிப்புப் பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, ஏமாந்தவரை ஏமாந்தவராகவே விட்டுவைக்கும் பக்தி நம் சபைகளில் மிக மலிந்து கிடக்கிறது. மலைப்பிரசங்கத்தின் வரிசைப்படி அது தலைகீழானது. ஒப்புரவு முதலில், காணிக்கை பிறகு.

ஆகவே கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு ஆராதனைக்கோ திருப்பலிக்கோ கிளம்பும் முன், வீட்டு வேலைக்கு வருபவருக்கோ கடையில் நிற்பவருக்கோ, பள்ளியிலோ மருத்துவமனையிலோ உங்கள் பொறுப்பில் வேலை செய்பவருக்கோ சம்பள பாக்கி இருந்தால், காணிக்கைக்கு எடுத்துவைத்த பணத்திலிருந்தாவது அதை முதலில் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருந்தால், அடுத்த பங்குப் பேரவையிலோ பாஸ்டரேட் கமிட்டியிலோ எழுந்து நின்று அதைப் பற்றிக் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.